அணைந்த நெருப்புக்குக் காவல்

ஓடு வேய்கிறவனுக்கு மழை பிடிக்காது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை, சார்ஜென்ட். மழை பெய்தால்தான் வீடு ஒழுகும். ஒழுகினால்தான் எங்களைக் கூப்பிடுவார்கள். நல்ல வெயில் அடித்த வருஷங்களில் எங்கள் வீட்டில் உருளைக்கிழங்குக்கு உருளைக்கிழங்கையே தொட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறோம்.

நீங்கள் மழையைப் பற்றிக் கேட்கவில்லை, தெரியும். ஆமோஸ் கார்பட் எப்படிச் செத்தான் என்று கேட்டீர்கள். அவன் மனைவி ஈடித் அதற்காக எங்கெல்லாம் நடந்தாள் என்பதும் எனக்குத் தெரியும். ஹல் நகரத்தில் எங்கள் தீயணைப்பு நிலையத்துச் சுவரில், யுத்தத்தில் செத்த ஆட்களின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆமோஸ் பெயர் அதில் இல்லை. தொடக்கூடாத குண்டைத் தொட்டு, உத்தரவை மீறி, தன் அஜாக்கிரதையால் செத்தான் என்று விசாரணையில் முடிவாகிவிட்டது. அப்படிச் செத்தவனுக்குக் கல் கிடையாது. ஈடித் யுத்தம் முடிந்த பிறகும் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

அவன் அஜாக்கிரதையால் சாகவில்லை. அவன் பெயர் அந்தக் கல்லில் ஏற வேண்டும். அதற்காகத்தான் இந்தப் போலீஸ் நிலையத்துக்கு நானாக வந்தேன். டீக்கு நன்றி. சர்க்கரை போடவில்லை போலிருக்கிறது, பரவாயில்லை, ரேஷன் உங்களுக்கும்தானே.

என் பெயர் ஏனோக் ஹெப்டன். அப்பா ஏணியில் ஓடு சுமந்தவர். காலமெல்லாம் ஒரே தோளில் சுமந்ததில் அந்தத் தோள் இறங்கிப்போய், அவருக்கு அளவெடுக்கிற தையல்காரர் இரண்டு பேருக்குத் தைக்கிற மாதிரி இருக்கிறது என்று சலித்துக்கொள்வார். பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய வயதில் நானும் கூரைமேல் ஏறிவிட்டேன். ஆமோஸ் மீன் துறையில் கூடை இறக்குகிறவன். உள்ளங்கை முறம் மாதிரி இருக்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் மீன் வாடை போகாது. எங்கள் தெருப் பூனைகள் மேயருக்குக் கொடுக்காத மரியாதையை அவனுக்குக் கொடுத்தன.

யுத்தம் வந்ததும் இருவரும் துணைத் தீயணைப்புப் படையில் சேர்ந்தோம். தேசபக்தி என்று எழுதிக்கொள்ளலாம். பூட்ஸ் இலவசம் என்பதும் உண்மை.

ஜெர்மன்காரன் எங்கள் ஊரை விட்டுவைக்கவில்லை. துறைமுகத்தைக் குறிவைத்து வீடுகள்மேல் போட்டானா, வீடுகளையே குறிவைத்துப் போட்டானா என்று எங்களுக்குத் தெரியவில்லை. எரிந்ததை அணைத்தோம்.

தீக்குண்டு என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள். முழங்கை நீளத்துக்கு ஒரு கம்பு, அவ்வளவுதான். மக்னீசியம். ஒரு விமானம் அதை நூற்றுக்கணக்கில் கொட்டும். ஓட்டைத் துளைத்துக்கொண்டு மச்சில் விழுந்து வெள்ளையாக எரியும். பக்கத்தில் ஓர் ஆள் இருந்து மணலைக் கொட்டி, சுற்றியுள்ள மரத்துக்குக் கைப்பம்பால் தண்ணீர் அடித்தால் வீடு பிழைக்கும். ஆள் இல்லையென்றால் வீடு போச்சு. ஆக எல்லாம் அந்த ஓர் ஆளைப் பொறுத்தது. இதைத் தனியாக ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் எழுதிக்கொள்ள வேண்டும். ஓட்டுக்கு அடியில் அணைத்த தீ லேசில் சாகாது. கூரையைத் தாங்குகிற கைமரத்துக்குள் கங்காக ஒளிந்துகொண்டிருக்கும். ஆட்கள் போனதும் எழுந்துகொள்ளும். அதனால் எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. தீ அணைந்ததும் ஒருவன் மட்டும் மச்சில் தங்குவான். வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அணைந்த குண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை மரத்தில் வைத்திருப்பான். மரம் சில்லென்று ஆகிறவரை எழுந்திருக்க மாட்டான். மற்றொரு கையில் டீ. இதற்கு ஆமோஸ் வைத்த பெயர் பிணக்காவல். வேறு யாரையும் உட்கார விட மாட்டான். "உங்க கையெல்லாம் பூ மாதிரி, சூடு தெரியாது. இது மீன்காரன் கை, பொய் சொல்லாது" என்பான். அந்தக் கை எத்தனையோ வீடுகளைக் காப்பாற்றியது. நான் மிகைப்படுத்தவில்லை.

பிறகு ஒருநாள் என்னைத் தெற்கே கூப்பிட்டார்கள். பெரிய தோட்டமுள்ள மாளிகை, பின்னால் வேலி போட்ட வயல். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். முந்தைய யுத்தம் முடிந்ததும் ஜெர்மனியில் ரைன் நதிப் பக்கம் காவல் படையில் இருந்தவன் நான். தங்கியிருந்த வீட்டின் கூரை ஒழுகியதால் நானே ஏறிச் சரிசெய்தேன், அந்தத் தெருவில் மிச்ச வீடுகளுக்கும் செய்து கொடுத்தேன். எதிரி நாட்டு ஓட்டை உள்ளும் புறமும் பார்த்த ஓட்டுக்காரன் வேறு யாரும் அவர்களுக்கு அகப்படவில்லை.

அங்கே பொறுப்பில் இருந்தவர் டாக்டர் லாங்ஸ்டாஃப். ரசாயனக்காரர். கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற நல்ல மனிதர். கதவைத் திறந்தால் எனக்கு வழிவிட்டு நிற்பார், அதுவே எனக்குக் கூச்சமாக இருக்கும்.

"மிஸ்டர் ஹெப்டன், நாம ஒரு ஜெர்மன் வீடு கட்டணும்" என்றார்.

"யாருக்கு சார்?"

"எரிக்கிறதுக்கு."

வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒழுகுமோ என்று கவலைப்படாமல் ஒரு கூரை போட்டேன்.

சும்மா கட்டவில்லை, சார்ஜென்ட். வேலை என்றால் வேலை. செங்குத்தான கூரை, ஒன்றையொன்று கவ்வுகிற களிமண் ஓடு, ஓடு உட்காருகிற ரீப்பர் சட்டங்களின் இடைவெளி அவர்கள் வைக்கிற மாதிரியே. நம் ஊர் மரம் அவர்கள் மரத்தைவிட ஈரம் என்பதால் பலகைகளைச் சூளையில் உலர்த்தி வாங்கினோம். மச்சில் கொடி கட்டித் துணி காயப்போட்டோம். உடைந்த நாற்காலி, பழைய பத்திரிகைக் கட்டு, கிறிஸ்துமஸ் ஜோடனைப் பெட்டி, வைக்கோலில் அடுக்கிய ஆப்பிள். ஆப்பிளை மட்டும் அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது, ஏனென்றால் காவலுக்கு நின்ற சிப்பாய்கள் விஞ்ஞானத்தைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குள் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க லண்டனிலிருந்து ஒரு அம்மாளை வரவழைத்தார்கள். திருமதி ஹெர்ஷ். ஹிட்லர் துரத்திவிட்டதால் இங்கே வந்தவர். எதற்கு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் அறை அறையாக நடந்தார். திரைச்சீலை இன்னும் கனமாக இருக்க வேண்டும் என்றார். மெத்தைக்குள் இறகு போதவில்லை என்றார். தொட்டிலை அடுப்புச் சுவர்ப் பக்கம் நகர்த்தச் சொன்னார். "கொழந்தைக்குக் குளிரும்ல. எங்க ஊர்ல அந்தப் பக்கம் போட மாட்டாங்க." நகர்த்தினேன். பிறகு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்க சித்தி வீடு மாதிரியே இருக்கு" என்றார். "யாரு குடிவரப் போறாங்க?"

"யாரும் இல்ல அம்மா."

"அப்புறம் எதுக்குத் தொட்டில்?"

நான் அளவுகோலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஆனால் சித்தி வீடு மாதிரி என்றாரே, அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். என் வேலையை அதற்கு முன்னால் யாரும் அப்படிப் பாராட்டியதில்லை.

வீடு எரிகிறதா என்று பார்ப்பது சுலபம். ஆள் இருக்கும்போது எரிகிறதா என்பதுதான் கேள்வி. அணைக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்றார் லாங்ஸ்டாஃப். நான் யோசிக்கவே இல்லை. ஆமோஸையும் அவன் குழுவில் மூன்று பேரையும் கூப்பிடச் சொன்னேன். ஹல் நகரத்தில் இன்னமும் குண்டு விழுந்துகொண்டிருந்தது, தெற்கே வந்தால் பத்திரமாக இருப்பான் என்பதும் என் எண்ணத்தில் இருந்தது. ஈடித் நன்றி சொல்லி எனக்குக் கம்பளிக் கையுறை பின்னி அனுப்பினாள். நல்ல கையுறை.

ஆமோஸ் வந்தான். பரிசோதனைக்கு அவன்தான் ஜெர்மன் வீட்டுக்காரி. யாரும் சொல்லாமலே அவனாக ஒரு முக்காடு கட்டிக்கொண்டு, பூப்போட்ட ஏப்ரன் மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். மீசையோடு. லாங்ஸ்டாஃப் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் இருமினார்.

விசில் ஊதினார்கள். ஒரு கோபுரத்திலிருந்து கூரைமேல் குண்டுகளைத் தள்ளினார்கள். என் ஓடு உடைந்தது. உள்ளே வெள்ளை வெளிச்சம். ஆமோஸ் படியில் ஓடுகிற சத்தம், மணல் கொட்டுகிற சத்தம், கீழே மூன்று பேர் மாறி மாறிப் பம்பு அடிக்கிற சத்தம். கொஞ்ச நேரத்தில் ஓட்டு ஓட்டை வழியாக முக்காடு வெளியே வந்தது.

"ஓட்டுக்காரா! உன் வீட்டுக்கு ஒண்ணும் ஆகல! மேல ஒரு சின்ன ஓட்டை, வந்து அடைச்சிட்டுப் போ!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பிறகு அவன் வழக்கம்போல வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். நான் மேலே போனபோது ஒரு கை மரத்தில், ஒரு கையில் டீ.

"இங்க எதுக்குடா பிணக்காவல்? யாரும் குடியில்லாத வீடு, நாளைக்கு மறுபடி எரிக்கப் போறோம்."

"தீக்கு அது தெரியுமா?" என்றான்.

நான் மறுபடி ஓடு மாற்றினேன். மறுபடி எரித்தோம். மறுபடி அணைத்தான். குண்டை அதிகமாக்கினோம். வீட்டுக்காரி அதிகமாகத் திட்டினாள், ஆனால் அணைத்துவிட்டாள். வசந்தம் முழுக்க இப்படியே போயிற்று. நான் ஓட்டைப் போடுவதும், அவர்கள் உடைப்பதும், அவன் காப்பாற்றுவதும். உண்மையில் அந்த மாளிகையில் எல்லோரையும்விட நாங்கள் இரண்டு பேரும்தான் ஒழுங்காக வேலை செய்தோம்.

ஒரு சாயங்காலம் கிராமத்துப் பீர்க்கடையில் உட்கார்ந்திருந்தோம். ஆமோஸ் தன் கோப்பையைப் பார்த்தபடியே கேட்டான்.

"ஏன்டா ஓட்டுக்காரா, நம்ம ஊர்ல போட்டானே, அப்ப என்ன ஆச்சு?"

"எரிஞ்சுது."

"எரிஞ்சுது, சரி. திங்கக்கிழமை என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சு?"

"நான் மீன் இறக்கப் போனேன். எல்லாரும்தான் போனாங்க. வீடு போனவன் கொஞ்சம் சீக்கிரமாவே வந்தான், வேற எங்க போவான் பாவம். சரணடையலாம்னு எங்க தெருவுல ஒரு நாய்கூட சொல்லல. புதுசா நாலு கெட்ட வார்த்தை கத்துக்கிட்டோம், அவ்ளோதான்."

"அவங்க வேற, நாம வேற."

"ஆமாமா. அவங்க மச்சுல ஆப்பிள் வைப்பாங்க, நாம வைக்க மாட்டோம். நீதான் கட்டிக் காட்டிட்டியே."

"அவன்தானே ஆரம்பிச்சான்?"

"யாரு, அந்தத் தொட்டில்ல கெடக்கிறவனா?"

எனக்குக் கோபம் வரவில்லை. ஆமோஸ் அப்படித்தான் பேசுவான். "அவ்ளோ உறுத்துனா ஏன்டா வந்த?" என்று கேட்டேன்.

"நான் அணைக்கத்தானே வந்தேன்? ஒவ்வொரு தடவை நான் அணைக்கும்போதும் அந்தக் கண்ணாடிக்காரர் மூஞ்சியப் பாத்தியா? இன்னும் கொஞ்ச நாள் இப்படியே அணைச்சேன்னு வை, இந்தக் குண்டு ஒண்ணுத்துக்கும் ஆகாதுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. நம்மளை மாதிரி ஒரு மீன்காரன் அங்கயும் இருப்பான்ல? அவன் பொண்டாட்டி நிம்மதியாத் தூங்குவா." கோப்பையை என் கோப்பையில் இடித்தான். "நீ நல்லா கட்டுடா. நான் நல்லா அணைக்கிறேன்."

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, அவன் விளையாடவில்லை என்று. நான் அவனோடு இவ்வளவு நாளும் விளையாடிக்கொண்டிருந்தேன். அவன் யுத்தம் செய்துகொண்டிருந்தான், சார்ஜென்ட். எதிர்ப்பக்கம் நின்று.

அந்த வாரமே லண்டனிலிருந்து பெரிய அதிகாரிகள் வந்தார்கள். முக்காடு ஓட்டை வழியாக எட்டிப்பார்த்துச் சலாம் வைத்தது. அவர்கள் சிரிக்கவில்லை. சாப்பிடாமலே காரில் ஏறினார்கள். லாங்ஸ்டாஃப் என்னைக் கூப்பிட்டு, பிரிவையே மூடிவிடுவார்கள் போலிருக்கிறது என்றார். பக்கத்து விமானத் தளத்திலிருந்து கிளம்பிப் போகிறவர்களை நாங்கள் தினமும் பார்ப்போம். போகும்போது எண்ண மாட்டோம். திரும்பி வரும்போது எண்ணாமலிருக்க முடியாது.

"பசங்க உயிரைக் குடுத்து இந்தக் குண்டை அங்க கொண்டுபோறாங்க, ஹெப்டன்" என்றார். "முக்காடு போட்ட ஒரு ஆள் வாளித் தண்ணியில அணைச்சிடறான்னா, அந்தப் பசங்களுக்கு நாம என்ன பதில் சொல்றது?"

நியாயமான கேள்வி. இன்றைக்கும் அது நியாயமான கேள்விதான் என்று நினைக்கிறேன். நானும் நியாயமாக யோசித்தேன். கூரை ஒழுகினால் ஓட்டை எங்கே என்று தேட வேண்டும், தண்ணீர் சொட்டுகிற இடத்தில் பாத்திரத்தை வைத்துப் பிரயோஜனமில்லை. நாங்கள் இத்தனை நாளும் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டில் கோளாறு ஒன்றுமில்லை. குண்டிலும் இல்லை. கோளாறு ஆமோஸ்தான்.

மறுநாள் லாங்ஸ்டாஃபிடம் சொன்னேன். எல்லாக் குண்டிலும் வேண்டாம், சிலவற்றில் மட்டும் நுனியில் கொஞ்சம் வெடிமருந்து வைக்கலாம். எது என்று தெரியக்கூடாது. கொஞ்ச நேரம் எரிந்துவிட்டு வெடிக்க வேண்டும். நிறையப் பேர் சாக வேண்டிய அவசியமில்லை, பக்கத்தில் வரப் பயந்தால் போதும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார். அப்படி ஒரு யோசனை மேலேயும் ஏற்கனவே இருக்கிறது, ஆனால் ஒரு தீயணைப்பு ஆளின் வாயிலிருந்து அதைக் கேட்பேன் என்று நினைக்கவில்லை என்றார். வேறு யாருக்கு அது தெரியும், சொல்லுங்கள்?

பரிசோதனைக்கு வெடிமருந்து வைக்க அவர் சம்மதிக்கவில்லை. அதற்குப் பதில், தெறிக்கிற அளவுக்கு மட்டும் பட்டாசு மருந்தோடு சுண்ணாம்புத் தூள் வைத்தோம். தூள் மேலே பட்டால் ஆள் செத்ததாகக் கணக்கு. முதல் நாள் ஆமோஸ் தலை முதல் கால் வரை வெள்ளையாக இறங்கி வந்தான்.

"செத்துட்டேன்! என் சாவுக்கு யாருடா பீர் வாங்கித் தர்றது?"

நான்தான் வாங்கிக் கொடுத்தேன். "இது உன் யோசனையா?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். நான் அவனிடம் பொய் சொன்னதில்லை. "ம்" என்றான்.

அடுத்த நாள் குப்பைத்தொட்டி மூடியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, நீளக் குழாயை மாட்டி, கதவுக்குப் பின்னால் படுத்தபடியே தண்ணீர் அடித்தான். வெடிக்கிறது வெடிக்கட்டும் என்று காத்திருந்து, பிறகு போய் அணைத்தான். ஒரு பொட்டுத் தூள்கூட அவன்மேல் விழவில்லை. மூடியைத் தட்டிக்கொண்டு இறங்கி வந்தான், கச்சேரி முடிந்து வருகிற மாதிரி. மறுபடி ஜெயித்துவிட்டான்.

இங்கேதான் பலருக்குப் புரிவதில்லை. தெரிந்தவனை வைத்துப் பரிசோதனை செய்ய முடியாது. சுண்ணாம்பு என்று தெரிந்தவன் சிரிப்பான். அவனுடைய மூன்று ஆட்களும் சிரிப்பார்கள். ஜெர்மன் ஊர்க்காரர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லப் போவதில்லை. ஓர் ஆள் சாகிறானா என்பதல்ல என் கேள்வி, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒருவன் மேலே செத்தபிறகு மற்ற மூன்று பேர் படியேறுவார்களா, மாட்டார்களா? அதுதான் கேள்வி. அதைச் சுண்ணாம்பை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

அதோடு எனக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. எரிகிற குண்டுக்கு ஆமோஸ் பயப்படுவான், ஒளிந்துகொள்வான். அணைந்த குண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பான்.

வெடிமருந்து வைத்த அசல் குண்டுகள் சில தனிக் கொட்டகையில் இருந்தன, கான்கிரீட் சுவருக்குப் பின்னால் வெடித்துப் பார்ப்பதற்காக. அவற்றில் ஒன்றுக்கு மட்டும், மக்னீசியம் எரிந்து முடிந்தபிறகும் தாமதமாக வெடிக்கிற திரி வைக்கச் சொல்லியிருந்தேன். எவ்வளவு தாமதம் என்று கேட்டார்கள். ஒரு டீ குடிக்கிற நேரம் என்றேன். வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். கொட்டகைச் சாவி எனக்கும் உண்டு. கூரைச் சாமான்களும் அங்கேதான் இருந்தன.

அன்று நல்ல வெயில். அடுப்புச் சுவருக்கு மேலே, அவன் எப்போதும் வாளியைக் கவிழ்க்கிற இடத்தில் விழும்படி அந்தக் குண்டை நானே கோபுரத்தில் வைத்தேன். லாங்ஸ்டாஃபுக்குத் தெரியாது, அவரை இதில் இழுக்க வேண்டாம். விசில் ஊதினார்கள். ஆமோஸ் வழக்கம்போல ஒளிந்திருந்து, சுண்ணாம்பு வெடிகளெல்லாம் வெடித்து ஓய்ந்தபிறகு மேலே போய் அணைத்தான். ஓட்டை வழியாகக் கை ஆட்டினான்.

"ஓட்டுக்காரா, நாளைக்கு ஓடு கொண்டா!"

நானும் கை ஆட்டினேன். பிறகு வாளி கவிழ்கிற சத்தம் கேட்டது.

வெடிச்சத்தம் பெரிதாக இல்லை. ஒரு பெரிய கதவைக் காற்று அறைந்து சாத்துகிற மாதிரி, அவ்வளவுதான். மச்சில் காய்ந்துகொண்டிருந்த துணி பிடித்துக்கொண்டது. பிறகு வைக்கோல். பிறகு மெத்தைகள். இறகு போதாது என்று திருமதி ஹெர்ஷ் சொன்னதால் நிறையத் திணித்திருந்தோம்.

நான் வேலிக்குப் பின்னால் நின்று அந்த மூன்று பேரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டின் அடிவரைக்கும் ஓடினார்கள். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒருவன் இரண்டு படி ஏறினான், இறங்கிவிட்டான். மேலே இன்னும் எத்தனை அசல் குண்டு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாதே. ஒன்றுகூட இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் ஏறியிருப்பார்கள். அவர்கள் கோழைகள் இல்லை. எங்கள் ஊரில் எரிகிற கிடங்குக்குள் நடந்து போனவர்கள். அப்படிப்பட்டவர்களே நின்றுவிட்டார்கள் என்றால் அது உறுதியான விடை.

முதல் தடவையாக என் வீடு முழுசாக எரிந்தது. முகடு உள்ளே விழுந்தபோது நான் தொப்பியைக் கழற்றினேன்.

விசாரணையில் நான்தான் சாட்சி. தவறுதலாக ஒரு அசல் குண்டு கலந்துவிட்டிருக்கலாம், ஆனால் அணைந்த குண்டை யாரும் நெருங்கக்கூடாது என்று ஆமோஸுக்குச் சொல்லப்பட்டிருந்தது என்றேன். அப்படி யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவன் உட்கார்ந்திருப்பான் என்பது வேறு விஷயம். லாங்ஸ்டாஃப் என்னை நிமிர்ந்து பார்த்தார், மறுக்கவில்லை. அந்த மாதமே ராஜினாமா செய்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போய்விட்டார் என்று கேள்வி. படித்தவர்களால் அப்படிப் போக முடிகிறது.

பிரிவை மூடவில்லை. நான் சொன்ன மாதிரியே அந்தக் குண்டைச் செய்தார்கள், டீ குடிக்கிற நேரம் உட்பட. அடுத்த வருஷம் ஒரு ஊரின்மேல் போட்டார்கள். பெயர் அவர்கள் காகிதங்களில் இருக்கும், நான் எப்போது சொன்னாலும் தப்பாகத்தான் சொல்கிறேன். அது தொழிற்சாலை ஊர் என்றார்கள். நான் பார்த்த படத்தில் கூரைகள்தான் இருந்தன, செங்குத்தாக, நெருக்கமாக, நான் கட்டின மாதிரியே.

யுத்தம் முடிந்ததும் விளைவைப் பார்த்துவர ஒரு குழு போனது. கூரை தெரிந்தவன் என்று என்னையும் அழைத்துப் போனார்கள். தெருவுக்குத் தெரு சுவர் மட்டும் நின்றது. தொழிற்சாலை ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. அங்கே ஒரு ஜன்னல் உடைந்திருந்தது. மின்சாரம் இல்லாமல் தொழிற்சாலை ஓரிரு வாரம் நின்று, பிறகு வழக்கம்போல ஓடியதாம். வீடு போனவர்கள் வேலைக்குச் சீக்கிரமே வந்தார்களாம். எங்கள் குழுவிலிருந்த ஒரு இளைஞர் அதைக் கேட்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? எனக்குக் கொடுத்த வேலை வீடு. தொழிற்சாலைக் கூரை தகரம்.

நேரமாகிறது, தெரியும். இதோ முடித்துவிடுகிறேன்.

அந்த ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கும் போனேன். ஒரு கை இல்லாத மனிதர் ஒருவர் இருந்தார், கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தவர். வறுத்த பார்லியில் போட்ட காப்பி கொடுத்தார். "நீங்களும் தீயணைக்கிற ஆளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இருக்கிற கையால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"தீயெல்லாம் அணைச்சிட்டோம்" என்றார். "அதுதான் புரியல. அணைச்சிட்டு மச்சுல உக்காந்திருந்தாங்க, மரம் ஆறட்டும்னு. அப்பதான் ஒவ்வொரு வீடா வெடிச்சுது. அதுக்கப்புறம் மேல ஏற யாருக்கும் தைரியம் வரல. அணைச்ச தெருவெல்லாம் மறுபடி எரிஞ்சு போச்சு."

அவர்களும் உட்காருவார்கள் என்று நான் கணித்திருந்தேன். ஆனாலும் கணித்தது சரியாக இருந்தது என்று காதால் கேட்பது வேறு.

பிறகு அவர் என்னைப் பின்பக்கம் அழைத்துப் போய்ச் சுவரைக் காட்டினார். கல் வாங்க வசதியில்லை. வெள்ளையடித்த சுவரில் தாரால் எழுதியிருந்தார்கள். செத்த ஆட்களின் பெயர்கள். மேலிருந்து கீழ்வரை எழுதி, இடம் போதாமல் மூலையில் திரும்பி அடுத்த சுவரிலும் எழுதியிருந்தார்கள். அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். இது ரொட்டிக்காரன், இது சர்ச்சில் மணியடிக்கிறவன், இவர்கள் அண்ணன் தம்பி.

அங்கே நின்றபோதுதான் நான் அழுதேன், சார்ஜென்ட். நான் அழுகிறவன் இல்லை. அந்த மனிதர்கூட என் தோளில் கை வைத்தார். வேலையில் இருக்கும்போது செத்தவன் ஒவ்வொருவனுக்கும் அந்த ஏழை ஊர் ஒரு வரி கொடுத்திருக்கிறது. எங்கள் ஊரில் இவ்வளவு நல்ல கல் இருந்தும் ஆமோஸுக்கு ஒரு வரி இல்லை. என்ன அநியாயம் இது என்று தோன்றியது. வீடு வந்து சேர்ந்த பிறகும் அது என்னை விடவில்லை. அதனால்தான் வந்தேன்.

பேனாவை ஏன் கீழே வைத்துவிட்டீர்கள்? அந்தச் சுவரில் இருந்தவர்களைப் பற்றியா கேட்கிறீர்கள்? அவர்களில் யாரையும் எனக்குத் தெரியாது. அது வேலை, மேலே எல்லோருக்கும் தெரிந்து, ஒப்புதலோடு நடந்தது. உங்கள் காகிதத்தில் அதற்கு இடமும் கிடையாது. எடுத்துக்கொள்ளுங்கள், நான் சொல்லச் சொல்ல எழுதுங்கள்: ஏனோக் ஹெப்டன் ஆகிய நான், ஆமோஸ் கார்பட் அணைந்த நெருப்புக்குப் பக்கத்தில் உட்காருவான் என்று தெரிந்தே, அங்கே வெடிக்கும்படி ஒரு குண்டை வைத்தேன். அவன்மேல் ஒரு தப்பும் இல்லை, அவன் பெயர் கல்லில் இருக்க வேண்டும். தூக்கு என்றால் தூக்கு, நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். கடைசியில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீதிபதிக்கு என்னைப் பற்றிச் சரியாகத் தெரிய வேண்டும்: என் வாழ்நாளில் நான் கொன்றது அவன் ஒருவனைத்தான்.